திறனும் சார்பும் செஞ்சோற்றுக் கடனும்: பாத்திரமேற்பு விளையாட்டுக்கள் பற்றிய ஒரு நோக்கு

பரமபத சோபனப் படத்தை ஆராய்பவர் அதனை வெறும் பொழுதுபோக்குச் சாதனம் என்று தள்ளிவிடுவதில்லை. ஏணியின் அடியிலே நல்வினையும் பாம்பின் தலையிலே தீவினையும் எழுதப்பட்டிருக்க, ஆடுபவன் தாயக்கட்டையை உருட்டுவது தவிர வேறெதுவும் செய்வதற்கில்லாத அவ்விளையாட்டு, நிலமானிய சமுதாயத்தின் ஒழுக்க நோக்கையும் ஊழ்க் கோட்பாட்டையும் எத்துணை இறுக்கமாக ஒரு தாளில் அடக்கியுள்ளது என்பதை நாம் எளிதிற் கண்டுகொள்கின்றோம். ஆனால், இன்று எமது இளைஞர் இரவிரவாகக் கணினியின் முன் அமர்ந்து ஆடும் விளையாட்டுக்களை அவ்வாறு நோக்கத் தயங்குகின்றோம். இத்தயக்கத்துக்கு ஆய்வு நியாயம் எதுவும் இல்லை. நாவல் படிப்பது குடும்பப் பெண்களைக் கெடுக்கும் என்று ஒரு காலத்திற் கூறியவர்களின் தயக்கமே இது.

பாத்திரமேற்பு விளையாட்டுக்கள் எனத்தக்க ஒரு வகையினையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம். கதை தொடங்குமுன் ஆடுபவர் தமக்கென ஒரு பாத்திரத்தை ஆக்கிக்கொள்ளவேண்டும் என்பது இவ்வகையின் பொது விதி. திரையிலே ஒரு விபரத்தாள் தோன்றும். வலிமை, நுண்ணறிவு, கைத்திறன், பேச்சுவன்மை முதலிய திறன்களுக்கு எதிரே வெற்றுக் கட்டங்கள் இருக்கும். கையிலே தரப்பட்ட ஒரு தொகைப் புள்ளிகளை ஆடுபவர் அவற்றுக்குப் பங்கிடுவார். வலிமைக்குக் கூட்டினால் அறிவுக்குக் குறையும். இவ்வகையைச் சேர்ந்த பல விளையாட்டுக்களில் அறச்சார்பு என்னும் இன்னொரு கட்டமும் உண்டு. இப்பாத்திரம் நல்லதா, தீயதா, இரண்டுக்கும் நடுவிலே நிற்பதா? ஒழுங்குக்கு அடங்குவதா, ஒழுங்கை மீறுவதா? இவற்றை நிரப்பிய பின்னரே உலகம் திறக்கும். திறன் ஒரு நிரலிலும் சார்பு வேறொரு நிரலிலும் எழுதப்படுகின்றன. இரண்டையும் எழுதுபவர் ஆடுபவரே. இந்த ஏற்பாட்டைத்தான் நாம் இங்கு கேள்விக்குள்ளாக்க விரும்புகின்றோம்.

இவ்விதிகளின் மூலம் கணினியன்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974-இல் வெளியிட்ட டஞ்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ், தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றியிருந்து ஆடப்பட்டது. அதிலே பாத்திரத்தின் ஆறு திறன்களும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையால் நிர்ணயிக்கப்பட்டன. புள்ளிகளைக் கொடுத்துத் திறனை வாங்கும் முறை பின்னரே செல்வாக்குப் பெற்றது. இம்மாற்றம் சிறியதன்று. பகடை முறையிலே பிறப்பின் ஏற்றத்தாழ்வு, ஊழ் என்ற வடிவிலேனும், ஒப்புக்கொள்ளப்படுகின்றது. புள்ளி முறையிலோ எல்லோரும் ஒரே தொகையுடன் பிறக்கின்றனர். வேறுபாடு யாவும் அவரவர் செலவழித்த விதத்தின் விளைவே. சட்டத்தின் முன் யாவரும் சமன் என்ற முதலாளித்துவக் கருத்துநிலைக்கு இதனிலும் தெளிவான உருவகத்தைக் காண்பது அரிது. இங்கு ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. போர்வீரன், மந்திரவாதி, கள்வன் முதலான தொழில்வகைகளை இவ்விளையாட்டுக்கள் 'கிளாஸ்' என்ற சொல்லாற் குறிக்கின்றன. ஆங்கிலத்திலே வர்க்கத்தைக் குறிப்பதும் அச்சொல்லே. வர்க்கத்தைப் பட்டியலிலே பார்த்துத் தெரிவுசெய்யலாம் என்னும் வசதி மார்க்ஸுக்குக் கிடைக்கவில்லை.

அறச்சார்பைப் பொறுத்தவரை, 1974-இல் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என மூன்றாக இருந்த பகுப்பு, நன்மை தீமை என்னும் இரண்டாம் அச்சையும் பெற்று, 1978-இல் வெளிவந்த ஆடுவோர் கைந்நூலிலே ஒன்பது கட்டங்களாக விரிந்தது. ஆயினும் அதே கைந்நூலின் விதிகள் ஓர் உண்மையைத் தம்மையறியாமலே ஒப்புக்கொள்கின்றன. 'பலடின்' எனப்படும் புனிதப் போர்வீரன் ஒழுங்கும் நன்மையும் சார்ந்தவனாகவே இருத்தல் வேண்டும்; அச்சார்பிலிருந்து வழுவினால் அவனது சிறப்பு ஆற்றல்கள் பறிபோகும். கொலைஞன் தீமை சார்ந்தவனாகவே இருத்தல் வேண்டும். அஃதாவது, இரண்டு நிரல்களும் உண்மையில் தனித்தனியானவையல்ல. திறனுக்கு நிபந்தனையாகச் சார்பு கோரப்படுகின்றது. யார் கோருகின்றார் என்பதைக் கைந்நூல் கூறவில்லை. விதி என்று மட்டும் கூறுகின்றது.

றிச்சட் கரியட் 1985-இல் வெளியிட்ட அல்டிமா என்னும் தொடரின் நான்காம் விளையாட்டு, இத்துறையிலே அறத்தை மையப்பொருளாக்கிய முதன்மையான ஆக்கம் எனப் போற்றப்படுவது. அதிலே கொல்லப்படவேண்டிய இறுதிப் பகைவன் இல்லை. எட்டு அறங்களில் நிறைவெய்துவதே குறிக்கோள். தொடக்கத்திலே குறி சொல்பவள் ஒருத்தி, இரண்டு அறங்கள் முரணும் சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாகக் கூறி, எதனைத் தெரிவீர் என வினவுவாள். விடைகளிலிருந்து பாத்திரத்தின் தொழில் பிறக்கும். பணிவைத் தெரிந்தவன் இடையனாவான். எட்டுத் தொழில்களிலும் மிகவும் வலுக்குறைந்தது அதுவே. இவ்வளவிலே இதன் ஆக்கியோனுடைய அறத்தீவிரம் பாராட்டத்தக்கது. ஆனால் அறம் எவ்வாறு வளர்கின்றது என்று பார்ப்போமாயின் ஏமாற்றமே மிஞ்சும். தெருவிலே நிற்கும் இரவலனுக்குக் காசு கொடுத்தால் கருணை என்னும் கணக்கு உயரும். மறுபடி கொடுத்தால் மறுபடி உயரும். இரவலனோ அங்கேயே, அவ்வாறே, ஆட்டம் முடியும்வரை நிற்பான். அவன் இரவலனாக நிற்பது நாயகனின் அறநிறைவுக்குத் தேவைப்படுகின்றது. கோயில் வாசலிலே சில்லறை மாற்றிக்கொண்டு வந்து வரிசையாகப் போட்டுச் செல்லும் எமது கனவான்களின் தருமம் இதனின் வேறன்று. அறம் இங்கே மூலதனம்போற் குவிக்கப்படுகின்றது.

திறனும் சார்பும் தனித்தனியே தெரிவுசெய்யப்படுவன என்ற எடுகோளுக்கு எமது மரபிலே மிக வலிய மறுப்பு ஒன்று உண்டு. அது கர்ணனின் கதை. வில்வித்தையிலே அருச்சுனனுக்கு நிகரானவன் என்று அரங்கிலே காட்டிய கணத்தில், அவனுடைய குலம் யாது என வினவப்படுகின்றது. திறனை நிறுவுவதற்குத் திறன் மட்டும் போதவில்லை. துரியோதனன் அங்கநாட்டை அளிக்கின்றான். கர்ணனின் வில் அங்கீகாரம் பெறுகின்றது. அக்கணமே அவனது சார்பும் எழுதப்பட்டுவிடுகின்றது. பின்னர் கண்ணனே வந்து பிறப்பின் உண்மையை உரைத்தும் அவன் மாறவில்லை. செஞ்சோற்றுக் கடன் என்ற தொடர் இவ்வுறவுக்கு எமது மொழி கொடுத்த பெயர். நன்மை தீமைக் கட்டங்கள் ஒன்பதில் எதிலே கர்ணனை இருத்துவது? கொடையால் நல்லவன், துணையால் தீயவன் என்று பகுத்துக் கூறுவது சொற்பொழிவு மேடைக்குப் பொருந்தலாம். அவனது சார்பு அவனுள்ளே இருக்கும் ஒரு குணமன்று. சோறு இட்டவனுக்கும் உண்டவனுக்கும் இடையிலான உறவு அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962-இல் பேராதனையிலே 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது வடமோடி ஆட்டத்தின் அழகிலே பலரும் ஈடுபட்டனர். அக்கதையை மட்டக்களப்புக் கிராமங்களின் உழவர் விடிய விடியப் பார்த்துவந்தமைக்கு ஆட்டத்தின் அழகு மட்டும் காரணமாயிருந்திருக்க முடியாது. கடன்பட்டவனின் சார்பு என்பது அவர்களுக்குப் புராணச் செய்தியன்று.

சோற்றுக்கும் சார்புக்கும் உள்ள இவ்வுறவைப் புராணத்திலன்றி வரலாற்றிலே காண விழைவோர் வட்டுக்கோட்டைக்கு வரவேண்டும். வட்டுக்கோட்டை என்றதும் 1976-ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றே நினைவுக்கு வருவது இன்று வழக்கமாகிவிட்டது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், 1823-இல், அமெரிக்க மிஷனரிமார் அங்கே ஒரு செமினரியைத் தாபித்தனர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தருக்கம் என்பவற்றை ஒருங்கே பயிற்றிய அந்நிறுவனம், அக்காலத்து ஆசியாவின் உயர்கல்விக்கூடங்களுள் வைத்தெண்ணத்தக்கதாக விளங்கியது. எமது ஆய்வுக்கு முக்கியமானது அதன் பாடத்திட்டமன்று. மாணவனை அது பெயர்சூட்டி ஏற்றுக்கொண்ட முறையே. கடல்கடந்த அமெரிக்காவிலே ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும். பிள்ளை அப்புரவலர் விரும்பிய பெயரைத் தாங்கும். 1841-இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மாட்டின், செத் பேசன் இருவரும் யாழ்ப்பாணத் தமிழரே. பாவலர் சரித்திர தீபகத்தை 1886-இல் வெளியிட்ட சதாசிவம்பிள்ளைக்கு ஆணல்ட் என்று பெயர், விசுவநாதபிள்ளைக்குக் கறோல், நியாய இலக்கணம் இயற்றிய சிதம்பரப்பிள்ளைக்கு நெவின்ஸ். இப்பெயர்களைத் தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் அடைமொழிபோற் கூறிச் செல்கின்றன. அவை பற்றுச்சீட்டுக்கள்.

இவ்வாறு, வட்டுக்கோட்டையிலே ஒரு பிள்ளையின் விபரத்தாள் நிரப்பப்பட்டது. பெயரைப் புரவலர் எழுதினார். திறன்களைச் செமினரி எழுதியது. சார்பு என்ற கட்டத்திலே கிறித்தவம் என்று எழுதப்படும் என்பது எதிர்பார்ப்பு. புள்ளிகளைத் தந்தவர் கேட்ட விலை அது. ஆனால் அத்தாளிலே மிஷன் வருமுன்னரே எழுதப்பட்டிருந்த ஒரு கட்டமும் இருந்தது. மிஷன் விடுதிப் பள்ளிகளின் தொடக்ககாலத்தில் உயர்சாதிப் பிள்ளைகள் மிஷன் வளவினுள் உண்ண மறுத்தமையும், அவர்களுக்காக அயலிலே சைவர் காணியில் அடுக்களை அமைக்க நேர்ந்தமையும் மனங்கொளத்தக்கன. சோறு மிஷனுடையது, அடுப்பு இருக்கும் நிலம் மிஷனுடையதன்று. செஞ்சோற்றுக் கடனிலிருந்து தப்புவதற்கு வேலிக்கு அப்பாலே அடுப்பு மூட்டிய இவ்வேற்பாட்டை நினைத்து நாம் நகைக்கலாம். அதே வேலி, அப்பள்ளியின் வாசலுக்கே வர முடியாத சாதியினரின் பிள்ளைகளை எண்ணும்போது நகைப்பு நின்றுவிடுகின்றது. அவர்களுக்குப் புள்ளியே வழங்கப்படவில்லை.

கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டது? சதாசிவம்பிள்ளை கிறித்தவராகவே வாழ்ந்து உதயதாரகையின் ஆசிரியராகவும் யாழ்ப்பாணக் கல்லூரியின் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். விசுவநாதபிள்ளை சைவத்துக்கு எதிராக எழுதியவர். பின்னர் சைவத்துக்கே மீண்டார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்பது யாவரும் அறிந்தது. கிறித்தவக் குடும்பத்திலே பிறந்து செமினரியிலே பயின்ற தாமோதரம்பிள்ளை சைவராகித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். அவருடைய மைந்தர் அழகசுந்தரம் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு கிறித்தவப் போதகரானார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1880களின் பிற்பகுதியில் தொடங்கிய பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அமெரிக்கப் புரவலரின் பெயர் தாங்கியவர் இந்துக் கல்லூரியின் மூலவர்களுள் ஒருவர்! இவர்களைப் பற்றுறுதியற்றவர் என்று பழிப்பவரும், தாய்மதம் திரும்பிய வீரர் என்று போற்றுபவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். சார்பை இருவரும் உள்ளத்தின் தூய்மை பற்றிய செய்தியாகக் கொள்கின்றனர். மிஷன் தந்த ஆங்கிலமும் கணிதமும் குடியேற்ற அரசின் உத்தியோகச் சந்தையில் விலைபோயின. மிஷன் தந்த சார்புக்கு அச்சந்தையில் அத்தகைய விலை இருக்கவில்லை. திறனை வைத்துக்கொண்டு சார்பைக் கைவிடக்கூடிய பொருளாதார நிலைமை தோன்றியிருந்தது. இதனைப் பொஸ்டனிலிருந்த மிஷன் தலைமைப்பீடமும் உணர்ந்தது. மதம் பரப்பும் சுதேசிகளை ஆக்குவதற்குப் பதிலாக உத்தியோகத்தரை ஆக்குகின்றோம் என்ற ஐயமும் தாய்மொழிக் கல்வியே தக்கது என்ற கொள்கையும் சேர, 1855-இல் செமினரி மூடப்பட்டது. 1872-இலேதான் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று.

இது பழங்கதையன்று. எமது மாணவர் தம் வாழ்வைப் புள்ளிகளாகவே அறிவர். உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளி எந்தப் பீடம் என்பதைத் தீர்மானிக்கும். 1967-இல் கனடா புள்ளி முறையிலே குடிவரவாளரைத் தெரியத் தொடங்கியது. வயது, கல்வி, மொழி, தொழில் அனுபவம் ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. வட்டுக்கோட்டையிலே ஒரு வீட்டின் முன்விறாந்தையில் இளைஞர் ஒருவர் எமக்கு இவ்விளையாட்டுக்களை விளக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதே கணினியிலே இன்னொரு சாளரத்தில் அக்குடிவரவுப் புள்ளிகளைக் கணிக்கும் பக்கம் திறந்தபடி இருந்தது. ஆங்கிலப் பரீட்சையில் அரைப் புள்ளி கூடினால் மொத்தம் எவ்வளவாகும் என்று அவர் கூட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி விளையாட்டுக்குத் திரும்பினார். இரண்டுக்கும் இடையே அவர் எந்த வேறுபாட்டையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. உண்மையிலே பெரிய வேறுபாடு இல்லைத்தான். ஒன்றிலே எல்லோருக்கும் ஒரே தொகை தரப்படுகின்றது என்பதைத் தவிர.

அவர் அன்று காட்டிய விளையாட்டு டிஸ்கோ எலிசியம். எஸ்தோனியாவிலே உருவான சா-உம் என்னும் குழுவினர் 2019-இல் வெளியிட்டது. றொபேட் குர்விட்ஸ் முதன்மை எழுத்தாளர். அவ்வாண்டின் விருது விழா மேடையிலே அக்குழுவினர் மார்க்ஸுக்கும் ஏங்கெல்ஸுக்கும் நன்றி கூறினர் என்பதனாலே நாம் இதனை விதந்துரைக்கவில்லை. திறனையும் சார்பையும் பற்றி இத்துறை கொண்டிருந்த கருத்தைத் தலைகீழாக்கிய ஆக்கம் என்பதனாலேயே இங்கு எடுத்துக்கொள்கின்றோம். நாயகன் ஒரு பொலிஸ் துப்பறிவாளன். குடித்துக் குடித்துத் தன் பெயரையும் மறந்தவன். ரெவச்சோல் என்னும் நகரின் மார்ட்டினேஸ் என்ற வறிய துறைமுகப் பகுதியிலே அவன் கண்விழிக்கின்றான். பல பதிற்றாண்டுகளுக்கு முன் அங்கே புரட்சி வென்று, கொம்யூன் அமைந்து, வெளிநாட்டுப் படைகளால் நசுக்கப்பட்டது. சுவர்களிலே குண்டு துளைத்த வடுக்கள் இன்னும் உள்ளன. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இருக்கின்றனர். கம்பனியின் கூலிப்படையாள் ஒருவன் மரத்திலே தொங்குகின்றான். அம்மரணத்தின் காரணத்தை அறிவதே கதை.

தொடக்கத்திலே புள்ளிகளைப் பங்கிடும் தாள் இங்கும் உண்டு, திறன்கள் இருபத்துநான்கு. ஆயின் திறன்கள் இங்கே ஊமைக் கருவிகளல்ல. ஒவ்வொன்றும் நாயகனின் தலையினுள்ளே தனித்தனிக் குரலாகப் பேசுகின்றது, தம்முள் வாதிடுகின்றது, கூடுதலாக வளர்த்துவிட்டால் அவனைத் தவறாகவும் நடத்துகின்றது. அதிகாரம் என்னும் திறனுக்குப் புள்ளிகளைக் கொட்டியவன் காண்போரிடமெல்லாம் மரியாதையை அதட்டிக் கேட்டு நகைப்புக்கிடமாகின்றான். திறன் ஒருவனுடைய உடைமை என்ற நினைப்பு இங்கே ஆட்டங்காணுகின்றது. அது சமூகத்திலிருந்து அவனுள்ளே வந்து குடியேறிய குரல்.

அறச்சார்பு என்ற கட்டம் இங்கே இல்லவே இல்லை. நாயகன் பேசுகின்றான்; பேச்சுக்கள் எண்ணப்படுகின்றன; பொதுவுடைமைவாதி, பாசிசவாதி, சந்தைவாதி, மிதவாதி என்று அவனே அறியாமல் அவன் ஆகிக்கொண்டிருக்கின்றான். மார்க்ஸுக்கு ஈடாக இவ்வுலகிலே கற்பனைசெய்யப்பட்ட மாசோவ் என்பவரின் பொருளியற் கோட்பாட்டை நாயகன் மனத்திலே இருத்திக்கொண்டால், அதன்பின் இடதுசாரிக் கூற்று ஒன்றைச் சொல்லுந்தோறும் அவனுக்கு அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். சொன்னாற் போதும்; செய்யவேண்டியதில்லை. இக்குத்து யாருக்கு என்பதை இக்கட்டுரையின் வாசகரும் எழுதுபவரும் உணராமல் இருக்க முடியாது. கருத்தரங்குகளிலே நாம் சேர்த்துக்கொண்ட புள்ளிகளும் இவ்வகையினவே. முற்போக்கு இலக்கியம் பற்றிய எமது திறனாய்வு சில வேளைகளில் அல்டிமாவின் கருணைக் கணக்குப் போலவே இயங்கியதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தொழிலாளியைப் பற்றி ஒரு கதை எழுதினால் ஒரு புள்ளி. தொழிலாளி அங்கேயே நிற்கின்றான்.

கதையின் முடிவு எம்மை நெடுநாள் உறுத்தியது. கொலையாளி, கடலிலே ஒரு சிறு தீவில் ஒளிந்திருக்கும் கிழவன். நசுக்கப்பட்ட கொம்யூனின் படையிலே அரசியல் அலுவலராக இருந்தவன். தோழர் யாவரும் மடிந்த பின்னரும் அவன் தன் துப்பாக்கியோடும் சார்போடும் பல பதிற்றாண்டுகளாகத் தனித்திருக்கின்றான். கர்ணனைப்போல அவனும் மாறவில்லை. ஆனால் அவனுக்குச் சோறிட்டவர் எவரும் உயிரோடில்லை. அவன் போராடிய மக்களின் பிள்ளைகளை அவன் வெறுக்கின்றான். அவன் சுட்ட குண்டிலே கொள்கையும் பொறாமையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துள்ளன. உறவிலிருந்து அறுந்த சார்பு எவ்வாறு நஞ்சாகின்றது என்பதை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய பாத்திரத்தை அண்மைக்கால நாவல்களிலே நாம் சந்திக்கவில்லை. எம்மண்ணிலே இதனை ஆடும் இளைஞர், அக்கிழவனை அயல்நாட்டுக் கற்பனை என்று கடந்துபோய்விட முடியாது.

எனினும் இவ்வாக்கத்தின் எல்லையையும் கூறவேண்டும். இதனை ஆக்கியோர் சிலர் தம் நிறுவனத்தை விட்டு நீங்க நேர்ந்தமை 2022-இல் வெளியாகி, உடைமை பற்றிய தகராறாக வளர்ந்தது. அது உற்பத்திச் சாதனங்கள் யாருடையன என்ற பழைய கேள்வியே, அதிலே வியப்பில்லை. நாம் கருதும் எல்லை வடிவம் பற்றியது. 1968-இல் நிகழ்ந்த மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு, என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' அம்பலத்தாடிகளால் கூத்துப் பாங்கிலே ஆடப்பட்டபோது, குலமும் குடியும் பார்த்துப் பாத்திரம் வழங்கிய களரியிலே, கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களே ஒரு கூட்டமாகப் பாத்திரமாயினர். அங்கே எவரும் தம் பாத்திரத்தைத் தனியே இருந்து தெரிவுசெய்யவில்லை. போராட்டமே அதனை அவர்களுக்கு வழங்கியது. டிஸ்கோ எலிசியத்திலோ வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளரோடு நாம் பேசலாம், அவர்களை விசாரிக்கலாம், அவர்களுக்காக இரங்கலாம். அவர்களாக ஆட முடியாது. பொலிஸ்காரனுக்கு இருபத்துநான்கு திறன்களும் ஒரு விபரத்தாளும் உண்டு. மார்ட்டினேசின் துறைமுகத் தொழிலாளருக்கு அத்தாள் அச்சிடப்படவில்லை.